பேத்தியின் கிடாரும் என் வீட்டு எர்த்தும்



மூன்று வாரமாக நான் இந்தப் பக்கம் வரவில்லை. "சார், உடம்பு நல்லா இருக்கா?" என்று பத்துப் பதினைந்து பேர் விசாரித்துவிட்டீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. எழுத வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது, எழுத வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். இன்று எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். கடைசியில் வீட்டுப்பாடமும் உண்டு.

என் மகன் தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய் வருகிறவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அவனோடு வேலை செய்த ஒருவர் வெளிநாடு கிளம்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய எலக்ட்ரிக் கிடார் ஒன்றையும் சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் கோடை விடுமுறைக்கு முன்னால் வாங்கி வந்தான். பேத்திக்கு. ஒன்பதாவது முடித்தவள், ஆறு மாதமாக அதே பேச்சாக இருந்தாள்.

தர்மபுரியிலிருந்து வந்த என் அக்கா கிடாரைப் பார்த்துவிட்டு, "வீணை கத்துக்கக் கூடாதா? இது எதுக்குடா நம்ம வீட்டுக்கு?" என்றார். "அக்கா, மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கச்சேரியை ரேடியோவில் கேட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாயே, அதுவும் கரண்டில் ஓடிய மாண்டலின்தான். நாலு ஜோடிக் கம்பி இருக்க வேண்டியதை அஞ்சு ஒற்றைக் கம்பியாக மாற்றி வாசித்தார். அதற்குள் இருந்ததும் இதே சரக்குதான்" என்றேன். அதற்குப் பிறகு அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் கிடாரை ஆம்ப்ளிஃபயரில் சொருகியதுமே "ம்ம்ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல். வாசித்தாலும் இரைச்சல், வாசிக்காவிட்டாலும் இரைச்சல். பேத்தி என்னைப் பார்த்தாள். "தாத்தா, நீங்க பிசிக்ஸ் சார்தானே? சரி பண்ணுங்க."

34 வருடம் பிசிக்ஸ் நடத்திய ஆளிடம் இப்படிக் கேட்டால் அவன் என்ன செய்வான்? ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

கிடாரின் பின் மூடியைத் திறந்ததும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. உள்ளே இருந்தது எல்லாம் நான் கரும்பலகையில் வரைந்தவை. கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய முடி போன்ற செம்புக் கம்பியும்தான். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப் புலம் மாறும், சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல். சரியாக 100 வருடம் கழித்து, 1931-ல் அமெரிக்காவில் பியூசாம்ப் என்ற இசைக் கலைஞர் அதை வைத்து எலக்ட்ரிக் கிடாருக்கு வழி கண்டார். பார்க்க வாணலி மாதிரி இருந்ததால் அந்தக் கிடாருக்கு வாணலி என்றே பெயர்.

பிக்கப்பிலிருந்து வரும் ஒயர் வால்யூம் கண்ட்ரோலுக்குப் போகிறது. அதற்கு மூன்று கால். ஒரு காலில் சிக்னல் நுழைகிறது, நடுக்காலிலிருந்து வெளியே போகிறது, மூன்றாவது கால் கிரவுண்ட். உள்ளே ஒரு கார்பன் பாதை, அதன்மேல் நகரும் ஒரு விரல். பிளஸ் டூவில் மின்னழுத்தப் பகுப்பான் என்று படித்தீர்களே, அதேதான். வால்யூமைப் பூஜ்யத்துக்குத் திருப்பினால் அந்த விரல் கிரவுண்டில் போய் நிற்கும், சத்தம் நிற்கும்.

இதில் ஒரு விஷயத்தை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது. வால்யூம் கண்ட்ரோலின் முதுகு, அதாவது அந்த வட்டமான தகர மூடிதான், கிடாருக்குள் இருக்கும் எல்லாக் கிரவுண்ட் ஒயர்களும் வந்து சேரும் இடம். மூன்றாவது காலை வளைத்து அந்த முதுகில் பற்றவைத்திருப்பார்கள். பிக்கப்பின் கிரவுண்ட், வெளியே போகும் ஜாக்கின் கிரவுண்ட், கடைசியாகக் கம்பிகள் மாட்டியிருக்கும் பிரிட்ஜிலிருந்து வரும் ஒரு ஒயர், எல்லாம் அங்கேதான்.

அந்தப் பிரிட்ஜ் ஒயர் எதற்கு? நம் வீட்டுச் சுவரெல்லாம் 230 வோல்ட் ஒயர் ஓடுகிறது. அதன் 50 ஹெர்ட்ஸ் மின்புலத்தை நம் உடம்பு ஏரியல் மாதிரி வாங்கி, மடியில் இருக்கும் கிடாருக்குள் அனுப்புகிறது. வாசிப்பவரின் விரல் கம்பிமேல் படும்போது கம்பி, பிரிட்ஜ், அந்த ஒயர் வழியாக உடம்பும் கிரவுண்டோடு சேர்ந்துவிடும். இரைச்சல் அடங்கும். நல்ல கிடாரில் கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறையும்.

இந்தக் கிடாரில் கம்பியைத் தொட்டால் ஒரு மாற்றமும் இல்லை. ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் பெருமளவு குறைந்தது. அப்படியானால் பிரிட்ஜ் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. பார்த்தேன். அறுந்துதான் தொங்கியது. வால்யூம் கண்ட்ரோல் முதுகில் ஒரு ஈய உருண்டை மட்டும் மிளகு மாதிரி உட்கார்ந்திருந்தது. நகத்தால் தள்ளினேன், உருண்டு கீழே விழுந்தது.

நோயைச் சரியாகச் சொல்லிவிட்டேன். வைத்தியம்தான் தெரியவில்லை.

என்னிடம் 25 வாட் சால்டரிங் அயன் ஒன்று இருந்தது. பென்சில் முனை மாதிரி கூர்மையான பிட். அதைச் சூடாக்கி, ஈயத்தை உருக்கி, ஒயரை முதுகில் வைத்து அழுத்தினேன். ஈயம் உருகியது, உருண்டது, ஒட்டவில்லை. மறுபடி. மறுபடி. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று அயனை அழுத்திப் பிடித்தேன். ஒரு வழியாக ஒட்டிய மாதிரி இருந்தது. பூட்டி வாசிக்கச் சொன்னால், ஒயர் மறுபடி கழன்றுவிட்டது. அதோடு, வால்யூமைத் திருப்பினால் "கர்ர்ர்" என்று அரைக்கிறது, பாதியில் சத்தமே போய்விடுகிறது. நான் கொடுத்த சூட்டில் உள்ளே இருந்த கார்பன் பாதை வெந்துவிட்டது.

பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் பஸ் பிடித்துப் பெங்களூரு போனேன். சிட்டி மார்க்கெட் பக்கம் எஸ்.பி. ரோட்டில் 250 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல் இரண்டு வாங்கினேன். ஒன்று போடுவதற்கு, ஒன்று நான் மறுபடி கெடுப்பதற்கு. ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250, இரட்டைச் சுருளுக்கு 500 என்று கடைக்காரப் பையன் சொல்லிக்கொடுத்தான். ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு வாத்தியார் இருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து உழவர் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது "சார்!" என்று ஒரு குரல். 2006-ல் என்னிடம் பிளஸ் டூ படித்த பெண். பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டாள், அதனால் போடவில்லை. வீட்டுக்குள் தெலுங்கு, கடையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்ந்த நம்ம ஊர்ப் பிள்ளை. பிளஸ் டூ முடித்த வருடமே சிப்காட்டில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்தவள். காலை ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன் எழுந்திருக்கிற ஆயிரக்கணக்கான பெண்களில் ஒருத்தி. போர்டில் சால்டரிங் போடுகிறவளாகச் சேர்ந்து, இப்போது மற்றவர்கள் போட்ட ஜாயிண்டைப் பார்த்துச் சரி, தப்பு என்று சொல்லும் இடத்தில் இருக்கிறாள்.

பேச்சு வாக்கில் கிடார் கதையைச் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை வாட் அயன் சார்?"

"25."

சிரித்தாள். "பாட் முதுகு பெரிய தகரம் சார். நீங்க குடுக்கற சூட்டை எல்லாம் அதுவே குடிச்சிடும். ஞாயித்துக்கிழமை வரேன்."

அவள் போன பிறகு எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. வந்ததும், ஞாயிற்றுக்கிழமை வராமல் இருந்தால் நல்லது என்றுகூடத் தோன்றியது.

2006. செய்முறை வகுப்பு. இந்தப் பெண் சர்க்யூட்டை யாரையும் கேட்காமல் அழகாக இணைத்துவிடுவாள். ஒயர் முனையைச் சுத்தமாகச் சுரண்டி, திருகி, முறுக்காக மாட்டுவாள். ஆனால் வாய்மொழிக் கேள்வி கேட்டால் திக்குவாள், வரையறை வராது. ஒரு நாள் எரிச்சலில் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "கையால செய்யற வேலைதான் வருதுன்னா உனக்கு எதுக்கும்மா பிளஸ் டூ?" நாலு பேர் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அடுத்த மேஜைக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்துவிட்டாள். பையில் 60 வாட் அயன், உளி மாதிரி தட்டையான பிட், ஃபிளக்ஸ், உப்புத்தாள், ஈயக் கம்பி. "கம்பெனில ஈயம் கலக்காத கம்பிதான் சார், அது 217 டிகிரிக்கு மேலதான் உருகும். இது 60-க்கு 40. 183-லயே இளக ஆரம்பிச்சிடும். வீட்டு வேலைக்கு இதுதான் சுலபம். ஆனா ஈயம் இருக்கு, ஜன்னலைத் திறந்து வைங்க, முடிச்சதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும்." பேத்தியைப் பார்த்தும் சொன்னாள், "பாப்பா, புகை மேல வராம தள்ளி உக்காரு."

அவள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். யாருக்காவது உதவும்.

முதலில் புது வால்யூம் கண்ட்ரோலின் முதுகை உப்புத்தாளால் ஒரு காசு அளவுக்குத் தேய்த்தாள், பளபளப்புப் பூச்சு போய்ச் சொரசொரப்பு வரும்வரை. அந்தப் பூச்சின்மேல் ஈயம் பிடிக்காது. பிறகு கொஞ்சம் ஃபிளக்ஸ். அயனின் தட்டை முனையில் துளி ஈயம் வைத்து, முனை முழுவதும் தகரத்தில் படும்படி படுக்க வைத்தாள். மூன்று, நான்கு வினாடி. பிறகு ஈயக் கம்பியை அயனில் தொடாமல், சூடான தகரத்தில் தொட்டாள். ஈயம் நெய் மாதிரி இளகிப் பரவியது. அயனை எடுத்துவிட்டாள். தகரத்தின்மேல் வெள்ளிப் பொட்டு மாதிரி நின்றது.

தனியாக ஒயரின் முனைக்கும் ஈயம் ஏற்றினாள். பிறகு ஒயரைப் பொட்டின்மேல் வைத்து, மேலே அயனைத் தொட்டாள். இரண்டு ஈயமும் ஒன்றாக இளகிச் சேர்ந்தன. அயனை எடுத்தபின் ஐந்து வினாடி ஒயரை அசைக்காமல் பிடித்திருந்தாள். ஊதவில்லை. "ஊதினா, அசைச்சா, மேல மங்கலா போயிடும் சார். பாக்க ஒட்டின மாதிரி இருக்கும், ஒட்டியிருக்காது. உங்க உருண்டை அதான். மேல உக்காந்திருந்துச்சு, பிடிக்கல."

எனக்குப் புரியாத ஒன்றைக் கேட்டேன். "25 வாட்டிலேயே கார்பன் வெந்துபோச்சே, 60 வாட் வெச்சா இன்னும் சீக்கிரம் வெந்திடாதா?"

"சின்ன அயனை ரெண்டு நிமிஷம் வெச்சீங்க சார். தகரம் மெதுவா சூடாச்சு, அந்த நேரத்துல சூடு உள்ள போயிடுச்சு. பெரிய அயனை மூணு செகண்ட்ல எடுத்துட்டா மேல்பக்கம் மட்டும்தான் சூடாகும், உள்ள போறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்."

வெப்பக் கடத்தலையும் வெப்ப ஏற்புத்திறனையும் எத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன்! அந்தச் சூத்திரத்திலேயே இந்தப் பதில் இருக்கிறது. எனக்கு அது தாளில் மட்டும் தெரிந்திருந்தது.

அடுத்த ஒயரை அவள் எடுத்தபோது சொன்னேன். "அம்மா, அன்னைக்கு பிராக்டிகல் வகுப்பில் உன்னை ஒன்று சொன்னேன்..."

"ஞாபகம் இருக்கு சார்" என்றாள். தலை நிமிரவில்லை. ஈயம் இளகிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இந்த ஒயரைக் கொஞ்சம் பிடிங்க சார், அசைக்காம" என்றாள். பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க எடுத்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

கிடாரைப் பூட்டினோம். ஆம்ப்ளிஃபயரைப் போட்டோம். பேத்தி கம்பிமேல் விரல் வைத்தாள். இரைச்சல் முக்கால்வாசி அடங்கிவிட்டது. எனக்கு ஒரே பெருமை. அந்த நேரம் பார்த்து வேலைக்கார அம்மா ஹாலைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார். ஈரத் தரை. பேத்தி சோபாவிலிருந்து இறங்கி, வெறுங்காலைத் தரையில் வைத்து உட்கார்ந்தாள்.

"தாத்தா, கம்பி கடிக்குது."

புதுக் கம்பி விரலைக் கிழிக்கிறது என்று நினைத்து, "பழகப் பழகச் சரியாயிடும்" என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் எழுந்துவிட்டாள். "பாப்பா, கையை எடு!" என்று கத்திக்கொண்டே சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டாள்.

யாரும் பேசவில்லை. அவள் என்னிடம் டெஸ்டர் கேட்டாள். பேத்தியைத் தள்ளி உட்கார வைத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, மறுபடி ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, டெஸ்டரைக் கிடார்க் கம்பியில் வைத்தாள். டெஸ்டர் எரிந்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என்ன நடந்தது என்பது எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. உங்களுக்கும் சொல்கிறேன்.

கிடாரின் கம்பி பிரிட்ஜ் ஒயர் வழியாக வால்யூம் கண்ட்ரோல் முதுகுக்கு வருகிறது. அங்கிருந்து ஜாக், கேபிளின் வெளிச்சுற்று, ஆம்ப்ளிஃபயரின் உலோகப் பெட்டி. பெட்டியிலிருந்து மூன்று முள் பிளக்கின் பெரிய முள் வழியாக வீட்டு எர்த்துக்கு. எர்த் நன்றாக இருந்தால் இந்தப் பாதை முழுவதும் பூமிதான், அதில் விரல் வைப்பது தரையில் கால் வைப்பது மாதிரி. எர்த் இல்லாவிட்டால்? பல ஆம்ப்ளிஃபயர்களுக்குள் இரைச்சலை வடிகட்ட, மின்சார லைனுக்கும் பெட்டிக்கும் நடுவே சின்னக் கெபாசிட்டர்கள் இருக்கும். எர்த் போய்விட்டால் அவை பெட்டியை ஏறக்குறைய லைன் மின்னழுத்தத்தில் பாதிக்குக் கொண்டுபோய் நிறுத்தும். ஓடும் மின்னோட்டம் மிகக் கொஞ்சம், அதனால் "கடித்தது" மட்டுமே. அதே இடத்தில் ஒரு கெபாசிட்டர் ஷார்ட் ஆகியிருந்தால், டிரான்ஸ்ஃபார்மரில் இன்சுலேஷன் போயிருந்தால், முழு 230 வோல்ட்டும் அந்தக் குழந்தையின் விரல்களில் இருந்திருக்கும். ஈரத் தரையில் வெறுங்கால்.

நாங்கள் பற்றவைப்பதற்கு முன் பிரிட்ஜ் ஒயர் அறுந்திருந்தது. அதனால் கம்பிக்கு மின்சாரம் வரவில்லை, இரைச்சல் மட்டும் வந்தது. ஒயரைச் சரி செய்ததும் வீட்டுக் கோளாறு கம்பிவரை வந்துவிட்டது. நான் முன்பு ஜாக்கைத் தொட்டபோது எனக்கு ஏன் ஷாக் அடிக்கவில்லை? முட்டி வலிக்கு வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு போடச் சொல்லியிருந்தார் டாக்டர். 1965-ல் அமெரிக்காவின் சாக்ரமென்டோவில், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் மேடையில் கிடார் மைக்கில் பட்டு மயங்கி விழுந்தார். கனமான ரப்பர் அடி வைத்த ஷூதான் அவரைக் காப்பாற்றியது என்பார்கள். 1972-ல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ நகரில் லெஸ்லி ஹார்வி என்ற இளம் கிடார்க் கலைஞர், கையில் கிடாருடன் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். இதையெல்லாம் நான் படித்தது அன்று ராத்திரி, தூக்கம் வராமல்.

அந்தப் பெண் பக்கத்துத் தெருவில் இருந்து எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தாள். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்தான் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் ஆம்ப்ளிஃபயரைச் சொருகியிருந்தபோது நூறைத் தாண்டிக் காட்டியது. பச்சை ஒயரைத் தேடிக்கொண்டு மீட்டர் பெட்டிவரை போனோம். அங்கிருந்து வெளியே போன கம்பி, கார் நிறுத்தும் இடத்தின் டைல்ஸுக்கு அடியில் மறைந்தது.

அங்கே நின்றதும் எனக்கு 2010 ஞாபகம் வந்தது. 1997-ல் வீடு கட்டியபோது முறையாகக் குழி வெட்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் வைத்தோம். 2010-ல் டைல்ஸ் போட வந்த மேஸ்திரி, "சார், இந்தக் குழிக்கு மூடி வெச்சு விட்டுடலாமா?" என்று கேட்டார். "நடுவுல அசிங்கமா இருக்கும், மேல டைல்ஸ் போட்டு மூடிடுங்க" என்று சொன்னது நான். என் மனைவிக்கும் அது ஞாபகம் இருந்தது.

டைல்ஸை உடைத்துப் பார்த்தோம். சிமெண்ட் போடும்போதே கம்பியில் வெட்டுப் பட்டிருக்கிறது, மிச்சம் துருப்பிடித்து அற்றுப்போயிருந்தது. மண் எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. அடியில் பாறைதான். கிருஷ்ணகிரி மாவட்டத்து மண் உங்களுக்குத் தெரியாததா?

அத்தனை வருடம். அதில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான்: என் மனைவி பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், "ஃபிரிட்ஜைத் தொட்டா சுர்ருங்குது", "வாஷிங் மெஷின் பக்கம் போனா கூசுது" என்று. நான் சொன்ன பதில், "செருப்புப் போட்டுக்கோ." பிசிக்ஸ் வாத்தியார் சொன்ன பதில். அவள் சொன்னது எர்த் இல்லை என்ற ரிப்போர்ட். வரையறையோடு சொல்லியிருந்தால் எனக்குக் காதில் விழுந்திருக்குமோ என்னவோ. திக்கித் திக்கிச் சொன்ன பெண்ணையும் நான் கேட்கவில்லை, கூசுகிறது என்று சொன்ன மனைவியையும் கேட்கவில்லை. பேத்தி "கடிக்குது" என்றபோதும் "பழகிடும்" என்றுதான் சொன்னேன்.

எர்த் என்றால் நான் கரும்பலகையில் போடும் அடையாளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு நிமிர்ந்த கோடு, அதன் கீழே சிறிதாகிக்கொண்டே போகும் மூன்று படுக்கைக் கோடு. "இத்துடன் மின்னோட்டம் பூமிக்குப் போய்விடும்" என்று சொல்லிவிட்டு டஸ்டரால் அழித்துவிடுவேன். அந்த மூன்று கோட்டுக்கு அடியில் ஒரு குழி இருக்கிறது, அதில் ஈரம் இருக்க வேண்டும், ஒரு கிளாம்ப் இருக்கிறது, அது துருப்பிடிக்கும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

புதுக் குழி வெட்டினோம். குழாய், கரி, உப்பு, மேலே திறக்கிற மாதிரி ஒரு மூடி. அசிங்கமாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும். மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டோம். மின்சாரம் போகும் அளவுக்கும் திரும்பி வரும் அளவுக்கும் அந்தச் சின்ன வித்தியாசம் வந்தாலே லைனைத் துண்டித்துவிடும் சாதனம் அது. எர்த் இருந்தால் கோளாறு வந்தவுடனேயே விழும். எர்த் இல்லாவிட்டால் மனிதர் தொட்ட பிறகுதான் விழும். அதனால் இரண்டும் வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் மறுபடி வந்து, மீட்டர் வைத்துத் தானே பார்த்தாள். பிறகு வெறும் தரையில் நின்றுகொண்டு முதலில் தன் புறங்கையால் கம்பியைத் தொட்டாள். அப்புறம்தான் பேத்தியிடம் கொடுத்தாள். கம்பியில் விரல் பட்டதும் இரைச்சல் சுத்தமாக நின்றது. பேத்தி கற்றுக்கொண்டிருந்த நாலு சுரத்தை வாசித்தாள்.

அன்றைக்குத்தான், என் மனைவி, மகன், பேத்தி எல்லோர் முன்னாலும், 2006-ல் நான் சொன்னதைச் சொல்லி, "அது தப்பு அம்மா, மன்னிச்சுக்கோ" என்றேன். வகுப்பு முன்னால் சொன்னதை நான்கு சுவருக்குள் திருப்பி வாங்க முடியாது. ஆகவேதான் அந்த வகுப்பில் இருந்த உங்களில் பலர் படிக்கும் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். அன்று சிரித்த நாலு பேரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். எழுதுவதற்கு அவளிடம் அனுமதி கேட்டேன். "என் பேர் வேண்டாம் சார். எர்த் விஷயம் மட்டும் நல்லா எழுதுங்க" என்றாள். எழுதியிருக்கிறேன்.

இப்போது வீட்டுப்பாடம்.

1. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், கம்ப்யூட்டர், எதைத் தொட்டாலும் லேசாகக் கூசினால் செருப்பு மருந்து கிடையாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே ஒயரைப் பிரிக்க வேண்டாம்.

2. உங்கள் வீட்டு எர்த் குழி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றே தேடுங்கள். டைல்ஸ், சிமெண்ட் போட்டு மூடியிருந்தால் திறக்கச் சொல்லுங்கள். கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள்.

3. மூன்று முள் பிளக்கின் பெரிய முள் நீளமாக இருப்பது, அது முதலில் தொட்டுக் கடைசியில் விடுவதற்காக. இரண்டு துளைப் பிளக்கில் நுழைக்க அதை வெட்டாதீர்கள். இரைச்சல் போகும் என்று கிடார் வாசிக்கும் பிள்ளைகள் சிலர் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தை எடுத்துவிடுகிறார்களாம். இரைச்சலோடு பிள்ளையும் போய்விடும்.

4. எர்த் இல்லை என்று பிளக் பாயிண்டில் நியூட்ரலையே எர்த்தோடு சேர்த்துவிடுவதும் நடக்கிறது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் பெட்டி முழுவதும் 230 வோல்ட் வந்துவிடும். அப்படிச் செய்ய யாராவது வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

5. ஆர்.சி.சி.பி. இருந்தால் அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். விழ வேண்டும். இல்லாவிட்டால் மாற்றுங்கள்.

பார்த்தவர்கள் கீழே "பார்த்தேன் சார்" என்று ஒரு வரி எழுதுங்கள். வருகைப் பதிவேடு எடுத்துப் பழகிய கை, கணக்கு வைத்துக்கொள்கிறேன்.

பேத்தி இப்போது சால்டரிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். நானும் சேர்ந்து கற்றுக்கொள்கிறேன். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய இரண்டாவது வால்யூம் கண்ட்ரோல் சும்மாதான் இருக்கிறது. அதன் முதுகில் ஈயம் வைத்துப் பழகுகிறோம். பேத்தியுடையது பரவிப் பிடிக்கிறது. என்னுடையது இன்னும் கொஞ்சம் உருண்டையாகத்தான் வருகிறது. இரண்டு வாரம் டைம் கேட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய பிசிக்ஸ் சார்
ஓசூர்